தண்ணீர் கேட்காத செடி

கல்லறைக்குச் செடி கேட்டு வருகிறவர்களைப் பார்த்தாலே ஜோசலினுக்கு வாய் அரிக்கும். படப்பை ரோட்டு நர்சரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள். அக்டோபர் கடைசி ஆனால் போதும், நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்காகக் கார்கள் வரிசை கட்டும். இறங்குகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற செடி எது?

"உசுரோட இருந்தப்போ ஒரு வாய் தண்ணி குடுத்துதுங்களோ இன்னாவோ," என்று தனக்குள் முனகிவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஆரம்பிப்பாள். "ரோஜா பக்கமே போகாதீங்க, நாலு நாள் தண்ணி இல்லன்னா குச்சிதான். இட்லிப்பூ ஏப்ரல் வெயில்ல கருகிடும். அரளி வேர் வுட்டு கல்லயே தூக்கிடும். டேபிள் ரோஸ் தாங்கும், ஆனா மத்தியானம் ஆச்சுன்னா மூஞ்ச மூடிக்கும்." அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த வட்டாரத்துக் கல்லறைகளில் பாதிக்கு அவள் எடுத்துக் கொடுத்த செடிதான்.

அவள் பெற்ற பிள்ளைக்கும் அவள்தான் செடி தேர்ந்தெடுத்தாள். நிகில் எட்டு வயதில் டெங்குவில் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. முடிச்சூர் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்மேடு. அதில் நட்ட மரச்சிலுவையை இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நின்றது அவள் வைத்த வெள்ளை நித்தியகல்யாணி மட்டும்தான். ஆடு கடிக்காது, வெயிலுக்கு அசையாது, விதை சிந்திச் சிந்தித் தானே முளைக்கும்.

அந்தத் தோட்டத்தில் இடம் பற்றாது. பதினான்கு வருஷம் தாண்டிய மண் கல்லறைகளைத் திறந்து வேறு ஆளைப் புதைப்பார்கள். யாராவது வந்து கவனித்துக்கொள்கிற கல்லறையை மட்டும் தொட மாட்டார்கள். இது ஜோசலினுக்கும் தெரியும். அதனால் என்ன, என் பிள்ளை மேல்தான் வருஷம் முழுக்கப் பூ இருக்கிறதே, எவன் கை வைப்பான் என்று நிம்மதியாக இருந்தாள்.

அவள் போவது வருஷத்துக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை வியாபார நாள், நகர முடியாது. கல்லறைத் திருநாளன்று கேட்கவே வேண்டாம், ஊரார் வீட்டுச் செத்தவர்களுக்குச் செடி தூக்கியே இடுப்பு ஒடிந்துவிடும். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரோடு போவாள். ஒரு பாட்டில்! வருஷத்துக்கு! இந்த மகராசிதான் மற்றவர்களைப் பார்த்து முனகுகிறவள்.

போன ஜூலையில் ஜேசன் என்று ஒருவர் நாவலூரிலிருந்து வந்தார். அப்பா கல்லறைக்குச் செடி வேண்டுமாம். ஜோசலின் அடீனியத்தைக் காட்டினாள். அடிமரத்திலேயே தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்கிற செடி. அவர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு டவுட்ங்க. கல்லறைல பூ இருந்தா, யாரோ வந்து மெயின்டெய்ன் பண்றாங்கன்னுதானே அர்த்தம்?"

ஜோசலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததைக் கொட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"நல்லா கேட்டீங்க போங்க! மத்த பூவுன்னா சரி. நித்தியகல்யாணியப் பாத்து மட்டும் ஏமாந்துடாதீங்க சார். சுடுகாட்டுப்பூன்னே அதுக்கு ஒரு பேரு கீது. தானா மொளைக்கும், தானா பூக்கும். அது மட்டும் நின்னுகினு இருந்துச்சுன்னா, எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலன்னு எழுதி வெச்சுக்குங்க."

அவர் போனை எடுத்து எழுதியே வைத்துக்கொண்டார். படித்த மனுஷன் தன் பேச்சைக் குறித்துக்கொள்கிறாரே என்று அன்றைக்கு முழுவதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி காலையில் பாட்டிலோடு போனாள். வழக்கமான வரிசை, வழக்கமான வேப்பமரம். நித்தியகல்யாணியைக் காணோம். ஈரம் காயாத புது மண், வாடிய சாமந்தி மாலைகள், கறுப்புச் சிலுவையில் வெள்ளை எழுத்து: சவுரிமுத்து, வயது 71.

"அடப்பாவிங்களா!" என்று அலறிக்கொண்டு வாசல் அறைக்கு ஓடினாள். மேசைக்குப் பின்னால் ஜேசன் உட்கார்ந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கமிட்டிக்கு அவர்தான் புதுச் செயலாளராம்.

"போர்டுல மூணு மாசம் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்மா. சிலுவை இல்ல, பேர் இல்ல, ஒருத்தரும் வரல."

"பூ இருந்துச்சே சார்! நா வெச்ச பூ!"

அவர் குழம்பிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் குரல் இறங்கியது. "நித்தியகல்யாணி மட்டும் இருந்ததைத்தான் லிஸ்ட்ல சேர்த்தோம். நீங்கதானே சொன்னீங்க?"

குத்திக்காட்டவில்லை அவர். நிஜமாகவே கேட்டார். பத்தொன்பது வருஷம் ஓயாத வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "எலும்பு?"

"வெளிய போடலம்மா. இன்னும் ஆழமாத் தோண்டி அடியிலேயே வெச்சிட்டோம். மேலதான் இவர்."

திரும்பி வந்து மேட்டின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தாள். ஒரு மூச்சு அழுது முடிப்பதற்குள் புது மாலையோடு ஒரு பெண் வந்து நின்றாள். சவுரிமுத்துவின் மருமகள்.

"நர்சரி அக்காதானே நீங்க? நல்லதாப் போச்சு! மாமாவுக்கு ஒரு செடி வைக்கணும்க்கா. நாங்க கீழ்க்கட்டளைல இருக்கோம், அடிக்கடி வர முடியாது. தண்ணி ஊத்தாம வர்ற செடியா ஒண்ணு சொல்லுங்களேன்."

ஜோசலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரோஜா வைம்மா."

"ஐயையோ, அதுக்கு தெனம் ஊத்தணுமேக்கா! யாரு வர்றது?"

"நா வரேன். தெனம் ஒரு ஆளு வந்துகினு கீதுன்னு கமிட்டிக்காரங்க கண்ணுல படணும்."

பாட்டிலைத் திறந்து மேட்டின் மேல் கவிழ்த்தாள். எட்டு வயதுப் பையன் இருக்கிற ஆழத்துக்கு அது எங்கே போகப்போகிறது? மேல் மண்ணே குடித்துவிட்டது. அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். முன்பின் தெரியாத தன் மாமனாருக்காக இப்படி உருகுகிறாளே என்று ஜோசலினின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.