தள்ளிப் பார்க்காத வண்டி

தம்பி டேவிட்தான் போன் செய்தான், ஆனால் பேசவில்லை. மாமல்லபுரத்தில் நான் தைக்கும் கடையில் ஒரு பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். "இன்னாடா, சொல்லு" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாரோ அவன் கையிலிருந்து போனை வாங்கி, "நீங்க இருதயராஜ் வூட்டம்மாவா? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். இன்னா ஆச்சு என்று கேட்டேன். "வாங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த பிளவுஸ் கையை நான் இன்னும் தைத்து முடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இருதயராஜ் அணுபுரம் குடியிருப்பு ஆட்களை அணுமின் நிலைய வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினார். அவரோடு பஸ் ஓட்டியவர்களும், நம் மாதா கோயில்காரர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே சிலர் பேசினார்கள். "கார் பைத்தியம். ஜாக்கியில தூக்கிவுட்டு கீழ பூந்துட்டான்" என்றார்கள். அவர் செத்தது காருக்கு அடியில்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஜாக்கியை நம்பிப் போனவர் என்று அவர் பெயர் நிற்கக் கூடாது.

அந்தச் சிவப்பு வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாள் உங்களில் சிலர் இருந்தீர்கள். ஈ.சி.ஆர். ரோட்டுப் பங்களா ஒன்றில் ஓடாமல் கிடந்த பழைய ரேஸ் மாடல். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வயிறு தரையோடு தரையாக இருக்கும். அவரோடு பஸ் ஓட்டும் முருகன் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, காரு வாங்கினியா, பாய் வாங்கினியா? தரையில விரிச்ச மாதிரி கீது" என்றார். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். "ஏறி ஒக்காந்து பாரு, எறங்க மாட்டே" என்றார். முருகன் அண்ணன் ஏறினார். அவரால் இறங்கத்தான் முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவருக்கு அந்த வண்டிதான். அதை மேலே ஏற்றுவதே பாதி நாள் வேலை. அவ்வளவு தாழ்ந்த வண்டிக்கு அடியில் ஜாக்கி போகாது. அதனால் முதலில் சக்கரத்துக்கு முன்னால் பலகைகளைப் போட்டு, வண்டியை மெதுவாக அதன் மேல் உருட்டி ஏற்றுவார். அந்தக் கொஞ்சம் உயரத்தில்தான் ஜாக்கி நுழையும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். முன்பக்கத்தைத் தூக்கி, வண்டியின் பலமான இடம் பார்த்து இரண்டு இரும்பு ஸ்டாண்டை வைப்பார். பிறகு பின்பக்கம் இரண்டு. எங்கள் வாசலில் சிமெண்டு மேலே மெல்லிசு, அடியில் எல்லாம் கடல் மணல். அதனால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே அகலமான பிளைவுட் பலகை போடுவார். ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் முழுக்க ஸ்டாண்டு மேல் உட்கார்ந்ததா என்று பார்ப்பார். கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியில் படுக்க வைப்பார். ஏதாவது ஆனாலும் வண்டி அதன் மேல்தான் விழும், ஆள் மேல் விழாது.

"ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்ல" என்பார். இதை நான் சமையலறையில் இருந்தாலும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார், நான்தான் கீழே போகப்போவது போல.

இவ்வளவு செய்தும் உடனே கீழே போக மாட்டார். "ஸ்டெல்லா, வா" என்று கூப்பிடுவார். நான் வந்து வண்டியைத் தள்ள வேண்டும். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். அசையவில்லை என்று நான் சொன்னால்தான் அவர் படுப்பார். அவர் வெளியே வரும்வரை நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். ஆள் இல்லாமல் அவர் ஒரு நாளும் கீழே போனதில்லை.

முதல் தடவை நான் பயந்து பயந்து தள்ளினேன். "இன்னா, கொழந்தைக்கு ஏணை ஆட்டறியா? என் மேல கோவம் வந்தா எப்டித் தள்ளுவே, அப்டித் தள்ளு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிஜமாகவே கோபம். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் டூட்டி என்று வராமல் இருந்துவிட்டார். அன்றைக்குத் தோளைக் கொடுத்து இடித்தேன். வண்டி அசையவில்லை. அவர் கையைத் தட்டிக்கொண்டு, "இப்போ நம்பிப் போவேன். இன்னும் ரெண்டு கல்யாணம் தவற வுடணும் போலக்கீதே" என்றார். கோபமாக இருந்தவள் சிரித்துவிட்டேன்.

ஒரு முறை நான் தள்ளும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். வண்டி அசையக்கூட இல்லை, சத்தம் மட்டும்தான். எனக்குப் பசி. "ஒண்ணும் இல்லீங்க, வேலையப் பாருங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இறக்கினார். ஒரு ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த பலகையைக் கரையான் அரித்திருந்தது. அதை அடுப்பில் போட்டுவிட்டு வேறு பலகை வெட்டி, முதலிலிருந்து ஏற்றினார். பிரியாணி ஆறி விறைத்துப்போனது. மாமியார் திட்டியதற்கு, "ஆறினா சூடு பண்ணிக்கலாம்மா" என்றார்.

அப்படிப்பட்ட ஆள் எப்படிச் செத்தார் என்றுதான் கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் டேவிட்டிடம் கேட்டேன், பிணவறை வாசலில், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு.

என் அம்மா வீடு முட்டுக்காட்டில். அங்கேதான் டேவிட்டும் இருக்கிறான், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். இவரைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்து, அதே மாதிரி தாழ்ந்த வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தான். கியர் பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டான். இவர் போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டு மேல் நின்றது. "மாமா, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே ஏத்திட்டேன், பாரு" என்று டேவிட் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். என் அம்மாவும் காபியோடு வந்து, "காலையிலேர்ந்து மாமா மாமான்னு இதையே பண்ணிகினு இருந்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இவர் காபியைக் குடித்தார். வண்டியைச் சுற்றி வந்து நான்கு ஸ்டாண்டையும் குனிந்து பார்த்தார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கைய வெச்சாரு அக்கா. தள்ளல. அம்மாவைப் பார்த்தாரு. 'நல்லா ஏத்தியிருக்கே மச்சான்'னு சொல்லிட்டுக் கைய எடுத்துட்டாரு" என்றான் டேவிட்.

அவர் ஏன் கையை எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா வீட்டில் அவர் எதையும் குறை சொன்னதில்லை. குழம்பில் உப்பு கரித்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்பார். மாப்பிள்ளை என்ற அதிகாரத்தை அவர் அங்கே காட்டியதே இல்லை. என் அம்மா கண் முன்னால் மச்சான் செய்த வேலையைத் தள்ளிப் பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். என் வீட்டு மனிதர்களுக்குக் கொடுத்த மரியாதையில்தான் அவர் கீழே போனார்.

முந்தின ராத்திரி நல்ல மழை. அந்த வாசலில் மணல் மேல் பாவிய கல், பார்த்தால் கெட்டித் தரை மாதிரிதான் இருக்கும். டேவிட் மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தான், ஸ்டாண்டுக்கு அடியில் பலகை போடவில்லை. கழற்றிய சக்கரங்களையும் அடியில் போடாமல் கழுவிச் சுவரில் சாய்த்திருந்தான். இவர் அடியில் படுத்து ஸ்பேனரை அழுத்தித் திருப்பியபோது, ஒரு பக்கத்துக் கல் ஸ்டாண்டோடு மணலுக்குள் இறங்கிவிட்டது. தூக்கி வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

எங்கள் வீட்டுச் சிவப்பு வண்டியும் ஸ்டாண்டு மேல்தான் இருந்தது. பிரேக் வேலைக்காக அதற்கு முந்தின ஞாயிறு ஏற்றி, பாதியில் விட்டிருந்தார். "என் புள்ளையத் தின்னது அந்த எழவு வண்டி, இதுவும் என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது" என்று மாமியார் தினமும் அழுதார்கள். இறக்கி எடுத்துப்போகச் சொன்னால் மெக்கானிக் யாரும் கை வைக்கவில்லை. "செத்தவரு ஏத்தினதும்மா. கிரேன் வெச்சி தூக்கி காயலாங்கடையில போடுங்க" என்றான் ஒருவன். அவர் ஏற்றியதைப் பார்த்துப் பயப்படுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு டேவிட் கேட்டுக்கு வெளியே நின்றான். அடக்கத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசவில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

"அக்கா, வண்டிய நான் எறக்கறேன்" என்றான்.

நான் கேட்டைத் திறந்தேன். அவன் நேராகப் போய் ஜாக்கியை எடுத்தான்.

"தள்ளுடா மொதல்ல."

"மாமா ஏத்தினது அக்கா. அதைப் போயி..."

"மாமா ஏத்தினாலும் தள்ளு. யாரு ஏத்தினாலும் தள்ளு."

அவன் கையை வைத்தான். மெல்லத் தள்ளினான். "ஏணை ஆட்டறியா? கோவம் வந்த மாதிரி தள்ளு" என்றேன். அவன் அழுதுகொண்டே தோளால் இடித்தான். மறுபடி மறுபடி இடித்தான். நானும் மறுபக்கம் போய் என் பலம் முழுக்கக் கொடுத்து இடித்தேன். ஒரு மாதம் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டி, ஒரு நூல் அசையவில்லை.

பிறகு சக்கரங்களை மாட்டி, முன்பக்கம் தூக்கி, ஸ்டாண்டை எடுத்து இறக்கினோம். "சக்கரத்துக்கு அடியில பலகை போடு, இல்லன்னா ஜாக்கி உள்ளயே மாட்டிக்கும்" என்று நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். அடுத்து பின்பக்கம். வேலை முடிந்ததும் அவன் என்னைப் பார்த்தான். மன்னித்தேன் என்று சொல்வேன் என நினைத்திருப்பான். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை, இன்னும் வரவில்லை. சாப்பிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டுப் போனான்.

வண்டியை முருகன் அண்ணன் எடுத்துப்போனார். ஸ்டாண்டுகளையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அந்த நாலு பிளைவுட் பலகைகளைத்தான். ஸ்டாண்டின் கால் அழுந்திய பள்ளம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. நாலிலும் ஒரே ஆழம். ஜாக்கியை நம்பிப் போனவர் என்று இனி யாராவது சொன்னால், வந்து அதைத் தடவிப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது வண்டியை ஏற்றி வைத்து, வாங்க பாருங்க என்று கூப்பிடுவார்கள். மச்சானாக இருக்கும், சம்பந்தியாக இருக்கும். தள்ளிப் பாருங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். பேசாமல்கூடப் போகட்டும். நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.