செருமல் நின்ற நேரம்

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான சோதனை உண்டு. இரசாயனமும் உடற்கூறும் அதில் வராது. ஒரு இக்கட்டைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். வீட்டிலிருந்தே கணினியில் செய்யலாம். குணத்துக்கும் புள்ளி போடுகிற காலம் வந்துவிட்டது என்று நக்கலடித்துக்கொண்டு போய், முதல் முறை அதில்தான் கோட்டைவிட்டேன். இந்த முறையும் விட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

நாங்கள் வேதக்காரர். ஆனால் எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக ஒன்றும் உண்டு: படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது. டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மெண்டின் சுவர்கள் அப்பளம் மாதிரி. அதனால் அன்று காலை அம்மா தாளிக்கவில்லை, புகை அலாரம் கத்திவிடுமாம். அப்பா ஒரு படி மேலே போய், இரைகிறது என்று பிரிட்ஜின் வயரையே கழற்றிவிட்டார்.

"உது மட்டும் இரையட்டும் அப்பா, பரவாயில்லை."

"நீ போ. நாங்கள் மூச்சும் விடமாட்டம்."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, பார்வை திரையை விட்டு விலகக்கூடாது என்பது விதி. திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதில் என் முகம், எனக்குப் பின்னால் சாத்திய கதவு, கதவின் அடியில் ஒரு கீற்று வெளிச்சம்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம், சும்மா இருந்தாலும் செருமிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எனக்கு அது கேட்பதேயில்லை. இரண்டாவது கேள்வியில்தான் அது இல்லாதது கேட்டது. எனக்காக அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்புப் போய்விட்டது. ஆள் இல்லாத வீட்டில்கூட ஏதாவது ஒன்று சத்தம் போடும். இது வேறு மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காது வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அப்போது சின்னச் சதுரத்தில், கதவடி வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. தட்டவில்லை, அசையவுமில்லை. திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் கமெரா குறித்துக்கொள்ளும். நிழல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து நின்றது. சுவர் வழியாக மெல்லிய முணுமுணுப்புக் கேட்டது. அம்மா செபமாலை சொல்கிறாள். என் சோதனைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி திரையில் வந்தது. உன்னோடு வேலை செய்கிறவருக்குத் திடீரென்று சுகமில்லை. வேலை முடியும்வரை யாருக்கும் சொல்லாதே, மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று கெஞ்சுகிறார். என்ன செய்வாய்?

இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா என்று விறுவிறுவென்று தட்டினேன். அவர் கேட்டாலும் காத்திருக்கமாட்டேன். உயிரை விடப் பெரிய வேலை இல்லை. உடனே உதவியை அழைப்பேன். எழுதி முடித்தபோது என்மேல் எனக்கே மரியாதை வந்தது. கதவடியில் நிழல் இன்னும் நின்றது.

எல்லாம் முடிந்து கதவைத் திறந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் போன். பிரிட்ஜிலிருந்து உருகிய தண்ணீர் குசினியில் பரவிக் கிடந்தது. அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சேர்ட் முழுக்க வியர்வை. உள்ளங்கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு வெளிறிய சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது. என்னப்பா செய்யுது?"

"வாய்வாத்தான் இருக்கும்."

"இனி அடிக்கலாம்தானே?" என்று அம்மா அவரைக் கேட்டாள். போன் திரையில் 911 ஏற்கெனவே அடித்துக் கிடந்தது. அழைக்கும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அம்புலன்ஸ்காரர் வந்து கதவைத் தட்டினால் பிள்ளை குழம்பிப்போவாள், முடிக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது கோபம். போனைப் பறித்து அழுத்தினேன். விலாசம் சொல்லும்போதுதான் பயம் வந்தது.

ஆள் தப்பிவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் முதல் விசாரிப்பே, என்ன கேட்டார்கள் என்பதுதான். அந்தக் கேள்வியைச் சொன்னேன்.

"நீங்களெண்டால் என்ன எழுதியிருப்பியள்?"

"வேலை முடியட்டும் எண்டு விட்டிருப்பன். ஏன் மற்ற ஆக்களைக் குழப்புவான்?"

"உங்களுக்குப் பூச்சியம்," என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

எனக்கு அந்தச் சோதனையில் நல்ல புள்ளி, இடமும் கிடைத்தது. இப்போதும் அதே அறையில்தான் படிக்கிறேன். ஆனால் கதவைச் சாத்துவதில்லை. பிரிட்ஜ் இரையவேண்டும், அப்பா செருமவேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறேன். போன கிழமை இதயத்தைப் பற்றிய பாடம் படித்துக்கொண்டிருந்தபோது ஹோலில் சத்தமே இல்லை. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா சோபாவில் நிமிர்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. செருமல் வந்தது," என்றார். "உன்னைக் குழப்பக்கூடாது எண்டு அடக்கினனான்."