பழம் வெட்டுவது யார் பொறுப்பு

என் கொழுந்தனார் மனைவியும் நானும் ஒரே வியாபாரியிடம்தான் திராட்சைக்கு அட்வான்ஸ் வாங்கினோம். ஒரே மழையில் இருவர் பந்தலிலும் பழம் வெடித்தது. மிச்சத்தை இருவருமே வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டோம். ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று வியாபாரி இருவர் மேலும் உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அதில் மட்டும்தான் அவளுக்கும் எனக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் அவள் ஒரு படி மேலேதான். பாகம் பிரித்தபோது ரோட்டோரத் தோட்டம் அவர்களுக்குப் போனது. அவள் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பேச்சை நிறுத்திவிட்டேன். கிணறு இருவருக்கும் பொது. மோட்டார் போடும் முறையைக்கூட வீட்டுக்காரர்கள்தான் பேசிக்கொள்வார்கள். வழக்குக்குப் பக்கத்துக் கம்பம் டவுனிலேயே ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். என் வக்கீல் அறையில் ஏசி ஓடியது. அவள் வக்கீலுக்கு ஃபேன்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மதுரை வக்கீல் கடற்கரைப் பக்கத்துக்காரர். திராட்சையைத் தட்டில்தான் பார்த்திருப்பார். மழையால் பழம் கெட்டது என்று எதிருரை எழுதினார், கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் விலை பேசி முடித்துவிட்டால் பழம் வெட்ட ஆள் கூட்டிவருவது வியாபாரியின் வேலை. தோட்டக்காரர் ஒரு கொத்தைக்கூடத் தொடமாட்டார். சொன்ன நாளில் அந்த வியாபாரி ஆள் அனுப்பவில்லை, அதனால்தான் பழம் மழையில் மாட்டியது. இதை நான் வக்கீலிடம் சொல்லவே இல்லை. கொடி பந்தலில் ஏறும் என்று யாராவது வக்கீலுக்கு எடுத்துச் சொல்வார்களா?

விசாரணை தொடங்கி வியாபாரி கூண்டேறினார். மழைக்கு முன்பே நான் பழத்தை வெட்டி அனுப்பியிருக்க வேண்டும் என்று கூசாமல் சொன்னார். கோர்ட்டை விட்டு வெளியே வந்து நான் கத்திய பிறகுதான் என் வக்கீலுக்கு விஷயமே தெரிந்தது. எதிருரையில் இல்லாததை வாதத்தில் பேச முடியாதாம். தோற்றால் தோட்டம் ஜப்திக்குப் போகும். விசாரணை தொடங்கியபின் எதிருரையைத் திருத்த வேண்டுமென்றால், கவனமாக இருந்தும் முன்பே ஏன் சொல்ல முடியவில்லை என்று கோர்ட்டுக்குக் காரணம் காட்ட வேண்டும். ஊர் வழக்கம் வக்கீலுக்குத் தெரியாது, சட்டம் எனக்குத் தெரியாது என்று மனுப் போட்டோம்.

வியாபாரியின் வக்கீல் என் கொழுந்தனார் மனைவியின் எதிருரையை எடுத்து நீட்டினார். ஆள் அனுப்பாத விஷயம் அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒரே குடும்பம், ஒரே கிணறு. இதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமலா இருக்கும் என்றார். அவள் ஒழுங்காகச் செய்த காரியம்கூட எனக்கு எதிராகவே வந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

அன்று அவள் வழக்கும் அங்கேதான் இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், புதுச் சேலையில். என் வக்கீல் அவளைக் காட்டி, இருவருக்கும் பேச்சே கிடையாது, வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்றார். நீதிபதி கூப்பிட்டார். கூண்டில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளோ பக்கத்து வீட்டில் மோர் கேட்கப் போனவள்போல நின்றாள்.

"பாகம் பிரிச்சதுலருந்து அக்கா எங்கிட்டப் பேசமாட்டாகய்யா. எங்க பேப்பர்ல என்ன இருக்குன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்கிட்ட வந்து கேக்குறதவிடத் தோட்டமே போகட்டும்னு விட்டுருவாக."

ஏன் என்று நீதிபதி கேட்டார்.

"அவுகளுக்கு எம்மேல பொறாமைங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். அவர் சொல்வது உண்மையா என்று நீதிபதி என்னைக் கேட்டார். இல்லை என்று சொன்னால் மனுவும் போய்விடும், தோட்டமும் போய்விடும்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி, நீதிபதி மனுவை அனுமதித்தார். வக்கீல் கைகொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அத்தனை பேர் முன்னால் என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாளே, அதையும் எனக்கு நல்லது செய்தே செய்துவிட்டாளே என்றுதான் இருந்தது. இதற்கு நான் போய் நன்றி வேறு சொல்ல வேண்டும்.