பேட்டரி இல்லாத காவல்

நைரோபியில் கசரானிப் பக்கம் இருக்கிற நாலு மாடிக் கடைவளாகத்தில் கெருபோவுக்கு வாசல் காவல் வேலை. கீசியிலிருந்து பிழைக்க வந்தவள். நீலச் சீருடை, தொப்பி, கையில் உலோகம் கண்டுபிடிக்கிற கோல். வருகிறவர்கள் தாங்களாகவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். தோளிலிருந்து இடுப்புவரை ஒரு இழுப்பு இழுத்து, "கரிபு, வாங்க" என்பாள். நிம்மதியாக உள்ளே போவார்கள். நிம்மதியாம் நிம்மதி! அந்தக் கோலில் பேட்டரியே கிடையாது.

பேட்டரியெல்லாம் மேனேஜர் சிமியுவின் மேசை டிராயரில் தூங்கின. சாவிக்கும் பெல்ட்டுக்கும் கோல் கத்தினால் வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டுவிடும், ஜனம் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று அவனுக்குப் பயம். "ஜனத்துக்கு வேண்டியது நீ கோலை ஆட்டுறதுதான். ஆட்டு, சிரி, அனுப்பு" என்பான்.

கெருபோவும் ஆட்டினாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் தங்கை மொரா ஊரிலிருந்து வந்து, அதே வளாகத்தின் தரைத்தளத்தில் பணம் அனுப்பும் கடையில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அந்த வாரமே பக்கத்துத் தெருவில் அப்படியொரு கடைக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஒரு பெண்ணைச் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

"பயமா இருக்குக்கா. நான் ஊருக்கே போயிடட்டுமா?" என்றாள் மொரா.

"அடி போடி! வாசல்ல உன் அக்கா நிக்கிறேன். என்னைத் தாண்டி எவன் வந்துடுவான்?"

சொல்லிவிட்டாளே தவிர, மனசு குத்தியது. மறுநாள் தானே பேட்டரி வாங்கிப் போட்டாள்.

அன்றைக்கு வளாகமே ரெண்டுபட்டது. கார்ச்சாவிக்குக் கத்தியது, பாதிரியாரின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குக் கத்தியது, ஒரு பெரியவரின் ஊன்றுகோலுக்கு ஊரைக் கூட்டியது. "ஏ சோஜா, காவல்காரி! எங்களையெல்லாம் திருடன்கிறியா?" என்று ஒருவன் எகிறினான். நகமெல்லாம் சிவப்புப் பூசிய ஒரு சீமாட்டி, "தினமும் வர்றேன், நேத்துவரைக்கும் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு!" என்றாள். நன்றாகச் சொன்னாள் மகராசி! மொரா மட்டும் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

மத்தியானத்துக்குள் சிமியு இறங்கி வந்து பேட்டரியைப் பிடுங்கினான். "இன்னொரு தடவை இது கத்துச்சுன்னா நீயும் வீட்டுக்கு, உன் தங்கச்சியும் வீட்டுக்கு. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே நான்தான், மறந்துடாதே." கெருபோ வெறும் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் அறையில் சோளமாவு உகாலி கிளறிக்கொண்டே மொரா, "இன்னைக்குக் கலக்கிட்டேக்கா! இனிமே எனக்கென்ன பயம்?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள், பாவி. அந்த நாளைக்கு வரவே இல்லை.

கொஞ்ச வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமைப் பகல், கோட்டுப் போட்ட ஒருவன் வந்தான். மரியாதையாகக் கையைத் தூக்கினான். கெருபோ கோலை இழுத்தாள். "கரிபு, வாங்க." அவன் பல் தெரியச் சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே துப்பாக்கி வெடித்தது.

குண்டு மொராவின் தோளில். உயிர் தப்பியது, வலது கை இனி எழாது என்றார் டாக்டர். வளாகத்தில் மறுநாளே வாசலுக்கு இன்னும் மூன்று பேரைப் போட்டார்கள், ஆளுக்கொரு புதுக் கோல். டிவிக்காரன் மைக்கை நீட்ட, யாரோ ஒருத்தி "இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாள். அத்தனை பேட்டரிக்கும் சிமியுவின் டிராயரில் இடம் இருந்ததோ என்னவோ!

ஆஸ்பத்திரியில் கெருபோ கட்டிலோரம் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். மொரா முந்திக்கொண்டாள்.

"என் மேலதான் தப்புக்கா. ஷட்டரை இறக்குற பட்டன் காலடியிலேயே இருந்துச்சு. அவன் கோட்டுக்குள்ள கையை விட்டப்போ எனக்குத் திக்குன்னுச்சு. மிதிக்கத்தான் போனேன். அப்புறம், அட, நீ சோதிச்சு அனுப்பின ஆளுதானேன்னு காலை எடுத்துட்டேன்."