என் பெயருக்கு மாறிய விண்ணப்பம்

எழுபதுகளின் கடைசியில் துபாயில், தேரா பக்கம், ஓர் அறையும் சமையலறையுமாக நானும் கணவரும் இரண்டு வயது மகளும் குடியிருந்தோம். அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கஃபீல் கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டான். சைட்ட மூடுறாங்களாம். கணக்கு முடிக்கிற வரைக்கும்தான் நமக்கு இங்க இடம்."

விசா கொடுத்த கஃபீலே கைவிரித்தால் அந்த ஊரில் தங்க முடியாது. ஊரிலும் எந்த வேலையும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்து அறை நண்பர்தான் கனடாவைப் பற்றிச் சொன்னார். வேலை தருகிறேன் என்று அங்கிருந்து யாரும் அழைக்க வேண்டியதில்லையாம். படிப்பு, வயது, தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தேறினால் குடியேற விடுவார்களாம். கணவர் விண்ணப்பித்தார். துபாய்க்கு வந்திருந்த கனடா அதிகாரி, ஒரு ஹோட்டல் அறையில் எங்களை நேர்காணலுக்கு அழைத்தார்.

கனிவான மனிதர்தான். ஆனால் ஸ்டோர் வேலைக்கு அங்கே ஆள் தேவையில்லை, அதற்கு மதிப்பெண் கிடையாது, அழைக்கும் முதலாளி இருந்தாலாவது பார்க்கலாம், அதுவும் இல்லாததால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ஏசி அறையிலும் கணவரின் கழுத்து வியர்த்திருந்தது. கிளம்ப வேண்டியதுதான் என்று மகளைத் தூக்கினேன்.

அவர் எழவில்லை. "சார், என் மனைவிக்கு ஒரு தொழில் தெரியும். அவளைக் கேளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்துக்கு முன் பல் செட் செய்யப் படித்து, மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் சில வருஷம் வேலை பார்த்தவள் நான். துபாயில் அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, பல் செட் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார்.

"எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராதுங்க. நீங்களே சொல்லுங்க" என்றேன் கணவரிடம். மகள் வேறு சிணுங்க ஆரம்பித்தாள்.

அவர் மகளை வாங்கிக்கொண்டார். "நான் இருந்தா நீ என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்ப. வாயில வராதத கையால காட்டு. நாங்க வெளிய இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழியில்லை, பேசினேன். ஈறுக்கு அச்சு எடுப்பது, மெழுகில் பற்களைப் பதிப்பது, கடைசியில் ராவிப் பளபளப்பாக்குவது. வார்த்தை வராத இடத்தில் விரல்கள் சொல்லின. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர வேண்டும் என்று கைகளைக் கோத்துக் காட்டினேன். அதிகாரியும் தன் கைகளைக் கோத்து, "இப்படியா?" என்று சிரித்தார். எனக்குப் பயம் போய்விட்டது. முடிவில் அவர், இந்தத் தொழிலுக்கு அங்கே ஆள் வேண்டும், விண்ணப்பத்தை உங்கள் பெயருக்கு மாற்றலாம், கணவர் உங்களைச் சார்ந்தவராக வரட்டும் என்றார்.

வெளியே மகள் அவர் தோளில் தூங்கியிருந்தாள். அவரிடம் எப்படிச் சொல்வது? சம்பாதித்துப் போட்டே பழகியவருக்கு இது தலைகுனிவாகப் பட்டுவிடுமோ?

"என் பேர்லதான் போடணுமாம். நீங்க... என்கூட வர்ற மாதிரியாம்" என்றேன். கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா அழுவுற? என்னை நம்பி நீ இங்க வரலியா? உன்னை நம்பி நான் வரமாட்டேனா?" என்றார்.

விசா கிடைத்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்து வெகு நாள் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. அதுவரை மகளுக்குத் தலை பின்னி, சோறு வடித்து, பனியில் பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார். பிற்பாடு எத்தனையோ பேர் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள். நானே மறந்துவிட்ட என் திறமையை, தனக்குக் கதவு மூடிய நேரத்திலும் மறக்காத ஒருவர் எனக்கு வாய்த்தார் என்பதுதான் இன்றும் என் பெருமை.