வெள்ளைப் புடவை மணப்பெண்

இல்லை, படப்பிடிப்பில் புடவையை எரிக்கப் போவதில்லை. அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

வரதட்சணைக் கொடுமை பற்றி எங்கள் கல்லூரி எடுக்கும் வீடியோ பாட்டில் நான்தான் மணப்பெண். இன்று கல்லூரியில் ஒத்திகை. அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

இயக்குகிற சுனந்தா பதறினாள். "ஏய், கல்யாணத்துக்கு முன்னாடியே விதவையா? வெள்ளையில் யார் கல்யாணம் செய்வார்கள்?"

"நாங்கள்தான். சர்ச்சில்."

"பார்க்கிறவர்களுக்குப் புரியாது. எங்கள் மணப்பெண்கள் மாதிரி பச்சை கட்டு."

அம்மா வருத்தப்படுவாளோ என்று தயங்கித்தான் வீட்டில் சொன்னேன்.

"பச்சை கட்டினா நம்ம ஆளுங்க எல்லாரும் தப்பிச்சிடுவாங்களே! இந்த வெள்ளைக்கும் எங்கப்பா ஸ்கூட்டர் கொடுத்தார்டி."

அப்பா செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், என்ன வண்டி என்று.

நான் சுனந்தா வீட்டுக்கு நடந்தே போய், பாட்டில் இரண்டு மணப்பெண்கள், ஒருத்தி வெள்ளையில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.