பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீடுகளில் என்னை "இவர் கப்பல்காரர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், கப்பல்களின் கடதாசிகளுக்கு முத்திரை குத்தினேனே தவிர, ஒன்றிலாவது ஏறிக் கடலுக்குப் போனதில்லை. காலிமுகத்திடலில் கால் நனைத்ததுதான் என் கடல் அனுபவம். அதுவும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய அலை வருமுன்னரே ஓடிவந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவன் அறுபது தாண்டியபிறகு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு பாய்ப்படகில் குடியேறினேன் என்றால், அதற்குக் காரணம் வீரம் அல்ல. ரொறன்ரோ.

எங்கள் ஒரே மகள் கனடாவில், அந்த நகரத்தில்தான் இருக்கிறாள். எங்களை நிரந்தரமாக அங்கே கூப்பிடுவதற்கான அலுவல்கள் எல்லாம் முடித்துவிட்டாள். நாங்கள் விமானம் ஏறுவதுதான் பாக்கி. ஒரு தடவை போய் இருந்தும் பார்த்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு யன்னலோரம் உட்கார்ந்து, யாராவது வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். நானோ எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, தோற்று, அவன் சொன்ன விலைக்கே மீனை வாங்கிவருகிற ஆள். அந்தத் தோல்வி இல்லாமல் எனக்கு ஒரு நாள் விடியாது. போக எனக்குத் துளியும் விருப்பமில்லை.

மனைவிக்குப் பயம். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மாடிக்குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் அவளுடைய சிநேகிதி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்தச் சிநேகிதியின் கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார். அவள் திரும்பி வரும்வரை ஈரத்தரையில் கிடந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். அவரைத் தூக்கிக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் தேடி அந்தப் பெண் படிப்படியாக இறங்கி ஓடினாள். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் என் மனைவி அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: விழுந்தால் யார் தூக்குவது?  ஒவ்வொரு தடவையும் நான் கத்தினேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். அவுஸ்திரேலியாவில் இருப்பவன், பாய்ப்படகிலேயே வந்து, கொழும்புக்கு வடக்கே கடலையொட்டிய கற்பிட்டிக் களப்பில் நங்கூரம் போட்டிருந்தான். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்யத் திரும்பிப் போகவேண்டி வந்தது. ஆளில்லாமல் கிடந்தால் படகு பாழாகிவிடும், அத்தான் கப்பல்காரர்தானே, கொஞ்சக் காலம் இருந்து பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டான். இத்தனை வருடப் பெருமைக்கு இப்படி ஒரு நாள் விலை கொடுக்க வேண்டிவரும் என்று யார் கண்டது? ஓம் என்றேன்.

அன்றைக்கு மனைவி ஒரு முடிவு சொன்னாள்.

"வைகாசியில சோளகக் காத்துத் தொடங்குமட்டும் அந்தப் போட்டில இருப்பம். ஆரின்ர உதவியும் இல்லாமல் நாங்கள் ரெண்டுபேரும் சமாளிச்சா, கொழும்பிலயே இருப்பம். ஏலாட்டி ரொறன்ரோ. பிறகு நீங்கள் முகத்தை நீட்டப்படாது."

மகளிடமும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைக்கும்போது நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். தானாகச் சொல்லமாட்டேன், கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றாள். இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவளோடு பேரம் பேச முடியாது.

படகுக்கு நாங்கள் சோற்றுக் குக்கர், இடியப்ப உரல், தேங்காய் துருவி, அவளுடைய பிள்ளையார், என்னுடைய அந்தோனியார் எல்லாம் கொண்டுபோனோம். எங்களுடையது காதல் கல்யாணம்; சாமிகள் இரண்டும் ஒரே தட்டில் இருந்து பழகிவிட்டன. குக்கரைப் போட்ட உடனே படகின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அதை மகளிடம் சொல்லவில்லை.

மச்சான் போகுமுன் எல்லாம் சொல்லித் தந்தான். நான் தலையாட்டினேன், மனைவி கேட்டுக்கொண்டாள். விளைவு, சில நாட்களிலேயே சுக்கானை அவள் பிடித்தாள். ஹவுஸ்கோட்டும் என் பழைய தொப்பியும் போட்டுக்கொண்டு, பாயை ஏற்றி, தீவு தீவாகப் படகை விடுவாள். நான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி இருப்பேன். கண்ணாடி போலக் கிடக்கும் களப்பிலேயே சத்தி எடுத்த கப்பல்காரன் இலங்கையில் நானாகத்தான் இருப்பேன். ஒரு காலையில் படகுக்குப் பக்கத்தில் ஓங்கில்கள், அதுதான் டொல்பின்கள், கூட்டமாகத் துள்ளிக்கொண்டு வந்தனவாம். அவள் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாளாம். நான் மறுபக்கம் குனிந்திருந்தேன்.

எனக்கென்று மிஞ்சியவை இரண்டு வேலைகள்: நங்கூரம் போடுவது, கதவைப் பூட்டுவது.

பூட்டுவதில் நான் விண்ணன். நாங்கள் வாழ்ந்த கொழும்பில் பூட்டை நம்பித்தான் கண்ணை மூடினோம். வெள்ளவத்தைப் பிளாட்டில் கதவுக்கு ஒரு பூட்டு, அதற்கு வெளியே கிறில் கேற்றுக்கு ஒன்று. கீழே இறங்கியபிறகும் திரும்பி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பேன். படகின் கதவுக்கும் கொட்டாஞ்சேனையில் ஒரு கடை முழுவதும் தேடி, உள்ளதில் பெரிய பூட்டாக வாங்கியிருந்தேன். நங்கூர விடயத்தில் நான் அப்படியில்லை. சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும், படகு இழுத்தால் அதுதான் பிடிக்கும் என்று மச்சான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நல்ல சங்கிலியை வீணாக உப்புத்தண்ணீரில் ஏன் ஊறப்போட வேண்டும்? நிலத்தைத் தொட்டால் போதும் என்று நிறுத்திவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வடக்கே ஒதுங்கிக் கிடந்த ஒரு சிறிய தீவுக்குப் போயிருந்தோம். வெறும் மணல், கொஞ்சம் தென்னை, மீனவர்கள் பருவத்துக்கு வந்து தங்கும் ஓலைக் குடில்கள், ஒரு குட்டித் தேவாலயம். வேறொன்றும் இல்லை. கரைக்குப் போக, படகோடு இருந்த சின்ன ரப்பர் தோணியில் இறங்கியபிறகு, பூட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பவும் படகில் ஏறினேன். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆர் வந்து களவெடுக்கப் போகினம்? மீனோ? ரொறன்ரோவில பிள்ளை கதவைச் சும்மா சாத்திப்போட்டுப் போறாள்."

"அப்ப அங்கயே போ" என்றேன். சொன்ன உடனேயே அது பிழை என்று தெரிந்தது. ஆனால் எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. அவளே துடுப்பைப் பிடித்துக் கரைக்கு வலித்தாள். இறங்கியதும் பெண்கள் இருந்த குடில் பக்கம் நடந்தாள். நான் ரோசத்தோடு ஒரு தென்னையின் கீழ்ப் படுத்து, ரோசத்தோடேயே நித்திரையாகிவிட்டேன்.

ஒருவர் என் தோளைத் தட்டி எழுப்பினார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத சாரம். தேவாலயத்தில் பின்னேரச் செபம் முடிந்து வந்திருந்தார்.

"ஐயா, அம்மா கோவிச்சுக்கிட்டுப் போறாங்களா?"

எழுந்து பார்த்தேன். படகு போய்க்கொண்டிருந்தது. காற்று எழும்பியிருந்தது, எங்கள் வீடு மெல்லத் திரும்பி, திறந்த கடல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல நிதானமாகப் போனது.

அந்த ஒரு நிமிடம் எனக்கு உயிரே இல்லை. அவளால் தனியாகப் படகு விட முடியும்; கரையில் கிடந்த தோணி என் கண்ணில் படவில்லை. நானாக வாய் திறந்து போ என்று சொன்னேன். போய்விட்டாள். ரொறன்ரோ, கொழும்பு எல்லாம் மறந்துபோயிற்று. அவள் இல்லாத அந்தப் பிளாட்டில் நான் இரண்டு பூட்டையும் பூட்டிக்கொண்டு யாரோடு இருக்கப் போகிறேன் என்பதுதான் நெஞ்சுக்குள் வந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெரிதாகத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"என்னப்பா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கையில் பிளேன்ரீக் கோப்பையோடு நின்றாள்.

எனக்கு வந்த சந்தோசத்தில் படகைப் பற்றிச் சொல்லவும் மறந்துபோனேன். அவளாகக் கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூட்டினனான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த மனிதர் குடில்கள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வள்ளம் இறக்குவதில்லை. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கனாக வளர்ந்த எனக்கு அது எவ்வளவு இறுக்கமான வழக்கம் என்று தெரியும்; வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் இறக்கமாட்டார்கள். அன்றைக்கு அந்த ஆண்கள் எல்லாரும் கோயிலுக்குப் போட்ட உடுப்போடு ஓடிவந்தார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வள்ளங்களை மணலில் தள்ளி இறக்கி, எஞ்சினை இழுத்துக் கிளப்பிப் போனார்கள். எங்களை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. காலையில் வந்த, பெரிய பூட்டு வைத்திருக்கும் இரண்டு கிழங்கள், அவ்வளவுதான்.

நான் மணலில் உட்கார்ந்தேன். பந்தயம் முடிந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் என்றல்லவா சொல்லியிருந்தாள். ஒரு தீவே எங்களுக்காக ஓடுகிறது. இனி யன்னலோரம்தான்.

வள்ளங்கள் படகைப் பிடித்துக் கயிறு கட்டித் திருப்பியபோது, மனைவியின் போன் அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். இத்தனை நாள் சிக்னலுக்காகத் தவம் கிடந்தோம், அன்றைக்குப் பார்த்து மகளின் முகம் பளிச்சென்று வந்தது. நான் கையால் சாடை காட்டினேன், எடுக்காதே என்று. எடுத்துவிட்டாள்.

சாப்பிட்டீர்களா, பிரஷர் மருந்து போட்டீர்களா என்று வழக்கமான விசாரணை நடந்தது. பிறகு மகள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அம்மா, உங்களுக்குப் பின்னால கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாறது மாமான்ர போட்டெல்லே?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஓம் பிள்ளை. அப்பா கதவை வடிவாப் பூட்டினவர். நங்கூரத்தைத்தான் ஒழுங்காப் போடேல்ல."

அவ்வளவுதான், மகள் தொடங்கிவிட்டாள். குரல் உடைந்தது. கோபம் இல்லை, பயம். அது எனக்கும் விளங்கியது. கடைசியில் அம்மாவின் கேள்வியையே அம்மாவிடம் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதும் நடந்தா அங்க ஆர் இருக்கினம், அம்மா?"

மனைவி மறுபடியும் கடல் பக்கம் திரும்பினாள். நனைந்த வெள்ளைச் சேட்டுகளோடு வள்ளத்தில் நின்றபடி எங்களைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தாள்.

"நடந்திட்டுது, பிள்ளை" என்றாள். "இருக்கினம். நாங்கள் வரேல்ல. நீ லீவுக்கு வா."

இந்தத் தீவுக்காரர் வெள்ளவத்தைக் குளியலறையில் விழுந்தவனைத் தூக்க எப்படி வருவார்கள் என்று ஒரு கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். கண்ணைத் துடைத்தேன். அவள் போனை ஹவுஸ்கோட் பைக்குள் போட்டுவிட்டு, மிச்சத் தேத்தண்ணீரை என்னிடம் தந்தாள்; பிறகு கையை நீட்டினாள்.

"சாவியைத் தாங்கோ."

கொடுத்தேன்.